பயிற்சியாளர் பொய் சொன்னாரா? 80 உலக சாதனை படைத்த ரஷ்யரின் அரை கிலோ கணக்கு

[திரையில்: கருப்புப் பின்னணி. வெள்ளை எழுத்தில் "499"]

ஒரு ரஷ்யப் பளுதூக்கும் வீரர். 499 பவுண்டு வரைக்கும் தலைக்கு மேல் தூக்கிவிடுவார். 500 என்று சொன்னால் மட்டும் கை நடுங்கும். அவர் மட்டுமில்லை, உலகத்தில் யாருமே அதுவரை 500 பவுண்டைத் தூக்கியதில்லை. ஒருநாள் பயிற்சியாளர் ஒரு வேலை செய்கிறார். பாரில், அதாவது எடைத் தட்டு மாட்டும் கம்பியில், 501.5 பவுண்டை ஏற்றிவிட்டு, "499தான்பா, தூக்கு" என்கிறார். ஆள் அசால்ட்டாகத் தூக்கிவிடுகிறார். "தடை உடம்பில் இல்லை, மனசில் இருக்கிறது!" அரங்கமே கைதட்டுகிறது. பின்னணியில் வயலின்.

இந்தக் கதையை ஏதாவது ஒரு தன்னம்பிக்கைப் பேச்சிலோ, ரீல்ஸிலோ, சம்பள உயர்வு கேட்கப் போன இடத்திலோ நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. கதையில் வருகிற ஆள் நிஜம். வாசிலி அலெக்சேயெவ். அவர் 500 பவுண்டைத் தூக்கியதும் நிஜம். பயிற்சியாளர் பொய் சொன்னார் என்ற இடம்தான் எனக்கு உதைக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். அதற்குள் சப்ஸ்கிரைப் பட்டனை ஒரு தட்டு தட்டிவிடுங்கள், அதன் எடை வெறும் ஒரு விரல்தான்.

முதலில் ஆள் யார் என்பதை வேகமாகப் பார்த்துவிடுவோம். 1942 ஜனவரியில் ரியாசான் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கம் போய்விட்டது. மரம் வெட்டுகிற ஊர். மரக்கட்டை ஏற்றும் தள்ளுவண்டியின் இரும்பு அச்சுதான் அங்கே பையன்களுக்கு முதல் பார். அப்புறம் தெற்கே ரஸ்தோவ் பகுதியில், ஷாக்தி என்ற சுரங்க நகரம், படிப்பு, சுரங்கத் துறையில் வேலை. அங்கே பளுதூக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் ருடால்ஃப் பிளியுக்ஃபெல்டர், 1964 ஒலிம்பிக் சாம்பியன். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அலெக்சேயெவ் பிரிந்து வந்து தனியாகப் பயிற்சி செய்ய ஆரம்பித்தார். கடைசிவரை அப்படித்தான்.

சரி, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். தனக்குத் தானே பயிற்சியாளராக இருந்த மனிதரிடம் எந்தப் பயிற்சியாளர் வந்து பொய் சொன்னார்?

[திரையில்: கொலம்பஸ், ஒஹாயோ, 1970]

அந்த 500 பவுண்டு தூக்கப்பட்டது பயிற்சிக் கூடத்தில் இல்லை. 1970 செப்டம்பரில், அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியில். உலகப் போட்டியில் எத்தனை எடை வேண்டும் என்று கேட்பதே வீரர் தரப்புதான். கேட்டதும் அறிவிப்பாளர் மைக்கில் சொல்வார். பலகையில் எழுதுவார்கள். இத்தனையும் தாண்டி ஒருவரிடம் மட்டும் எடையை மறைப்பது என்றால், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் கல்யாணம் நடத்துவது மாதிரிதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஓட்டை இன்னொன்று. 500 என்பது யாருடைய எண்? அமெரிக்கர்களுடைய எண். அவர்கள்தான் பவுண்டில் கணக்குப் போடுகிறவர்கள். சோவியத் யூனியனில் பயிற்சியும் கிலோவில், போட்டியும் கிலோவில். 500 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 227 கிலோ. 227 என்ற எண்ணைப் பார்த்து எந்த மனிதனுக்காவது மனத்தடை வருமா? பார்த்தால் பேருந்து எண் மாதிரி இருக்கிறது! அந்த ஆண்டு ஜனவரியிலிருந்தே 220-ஐத் தாண்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். 227 அவருக்கு அடுத்த படி, அவ்வளவுதான். எகிறிக் குதித்துக் கைதட்டியவர்கள் அரங்கில் இருந்த அமெரிக்கர்கள். உலகச் சாதனையாளர் ஒருவர் தங்கள் ஊருக்கே வந்து, தங்கள் கணக்கில் ஒரு முழு எண்ணைத் தாண்டிக் காட்டியிருக்கிறார், விடுவார்களா?

சும்மா ஒரு கொசுறு: அதே நாட்களில் அதே கொலம்பஸில் மிஸ்டர் வேர்ல்ட் ஆணழகன் போட்டியும் நடந்தது. அதில் ஜெயித்த 23 வயது ஆஸ்திரியப் பையனின் பெயர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேக்கர். பின்னாளில் அவர் தன் பெயரில் வருடாவருடம் விளையாட்டுத் திருவிழா நடத்தியது இதே ஊரில்தான்.

சரி, மனத்தடை இல்லையென்றால் இந்த மனிதரை எது ஓட்டியது? கணக்கு. சுத்தமான கணக்கு.

[திரையில்: 24.1.1970 – 1.11.1977. கீழே பெரிதாக "80"]

1970 ஜனவரி 24 முதல் 1977 நவம்பர் 1 வரை. எட்டு ஆண்டுகூட முழுதாக இல்லை. அதற்குள் 80 உலக சாதனைகள். சராசரியாக ஐந்து வாரத்துக்கு ஒன்று. நமக்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டப் போகவே நேரம் கிடைப்பதில்லை.

எப்படி இது சாத்தியம்? விதியைப் பாருங்கள். போட்டியில் சாதாரணமாக எடையை இரண்டரை இரண்டரை கிலோவாகத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் உலக சாதனைக்கான முயற்சி என்றால் பழைய சாதனையைவிட அரை கிலோ கூட இருந்தாலே போதும். அதற்கென்றே குட்டிக் குட்டித் தட்டுகள் இருந்தன. பெரிய தட்டுகளுக்கு வெளியே, பாரின் ஓரத்தில், பொம்மைக் கடையில் வாங்கியது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து சோவியத் நடைமுறை. வெளியுலகத்துக்கு எல்லோரும் அமெச்சூர், அதாவது விளையாட்டுக்குப் பணம் வாங்காதவர்கள். உள்ளே, உலக சாதனை படைத்தால் பரிசுப் பணம் உண்டு என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பரிசு சாதனைக்குத்தான், கிலோவுக்கு இல்லை. பத்து கிலோ கூட்டித் தூக்கினாலும் ஒரு சாதனைதான், அரை கிலோ கூட்டித் தூக்கினாலும் ஒரு சாதனைதான். இப்போது நீங்களே சொல்லுங்கள், உங்கள் உடம்பில் ஐந்து கிலோ மிச்சம் இருந்தால் அதை ஒரே நாளில் செலவழிப்பீர்களா?

அவர் செலவழிக்கவில்லை. இன்று அரை, அடுத்த மாதம் அரை. 230.5, 236.5, 187.5 என்று அவருடைய சாதனைப் பட்டியலில் நிறையப் புள்ளி அஞ்சு, புள்ளி அஞ்சு. அந்தக் காலத்தில் உலக சாதனைப் பட்டியலும் ஒன்று இல்லை, நாலு: பிரஸ், ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல்), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, அப்புறம் தலைக்கு மேல்), இவற்றின் மொத்தம். ஒரே மாலையில் பிரஸ்ஸில் ஒரு சாதனை, மொத்தத்தில் இன்னொரு சாதனை என்றும் அமையலாம். ஒரு கல், இரண்டு மாங்காய்.

சிலர் இதைப் பேராசை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பின்னாளில் கம்பு ஊன்றித் தாண்டும் செர்கெய் பூப்கா ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றி 35 உலக சாதனை படைத்தார். இன்று அதே விளையாட்டில் டுப்ளான்டிஸ் அதையேதான் செய்கிறார், நாமும் ஒவ்வொரு தடவையும் வாயைப் பிளந்து பார்க்கிறோம். அலெக்சேயெவ் செய்தால் மட்டும் தப்பா? தவிர, அரை கிலோ கூட்டுவது சுலபம் என்று சோபாவில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். அந்த அரை கிலோவுக்குக் கீழே ஏற்கெனவே உலகத்தில் வேறு யாராலும் தூக்க முடியாத 236 கிலோ இருக்கிறது.

இது பேராசையா, புத்திசாலித்தனமா, கமெண்டில் எழுதுங்கள். சண்டை போடுங்கள், ஆனால் குடும்பத்தை இழுக்காமல் போடுங்கள்.

பிரஸ் என்று சொன்னேன் இல்லையா, அது இப்போது போட்டியில் கிடையாது. தோளில் இருக்கும் பாரைக் காலை மடக்காமல் கையால் மட்டுமே மேலே தள்ள வேண்டும். வீரர்கள் போகப் போகப் பின்னால் சாய்ந்து, கிட்டத்தட்ட மல்லாந்து தள்ள ஆரம்பித்தார்கள். நடுவர்களால் எது சரி, எது தப்பு என்று சொல்ல முடியவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு தூக்கிவிட்டார்கள். அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? 1972 ஏப்ரலில் தாலின் நகரில் மூன்று முறையிலும் சேர்த்து அலெக்சேயெவ் தூக்கிய 645 கிலோ இனி எந்தக் காலத்திலும் முறியடிக்க முடியாத சாதனை ஆகிவிட்டது. மியூனிக்கில் 640 கிலோவோடு தங்கம். பிரஸ் போன பிறகு இவர் கதை முடிந்தது என்றார்கள். 1977 வரை ஒவ்வோர் ஆண்டும் உலக சாம்பியன் அவர்தான். மொத்தம் எட்டு.

[திரையில்: மாண்ட்ரியல் 1976]

இப்போது நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற வீடியோவுக்கு வருவோம். 1976க்குள் ஜெர்க் சாதனை கைமாறியிருந்தது. கிழக்கு ஜெர்மனியின் கெர்ட் போங்க் 252.5 கிலோ தூக்கியிருந்தார். மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அலெக்சேயெவ் கேட்டது 255. இன்றைய தட்டுகளால் ஏற்றினால் ஒவ்வொரு பக்கமும் 25 கிலோ தட்டு நாலு, 15 கிலோ தட்டு ஒன்று. சிவப்புச் சட்டை, அகலமான பெல்ட்டுக்கு மேலும் கீழும் பிதுங்கும் தொப்பை, காதோரம் அடர்ந்த கிருதா. தோளுக்கு வந்ததும் பாரின் இரண்டு முனையும் வில் மாதிரி கீழே வளைந்து ஆடுகிறது. ஆட்டம் அடங்கும்வரை நிற்கிறார். அப்புறம் ஒரு உதறல், கால்கள் முன்னும் பின்னுமாகப் பிரிகின்றன, பார் மேலே. காலைச் சேர்த்து நிற்கிறார். 35 கிலோ வித்தியாசத்தில் தங்கம், போங்குக்கு வெள்ளி. பாருங்கள், தன்னிடமிருந்து பறித்த சாதனையை மீட்கும்போது அரை கிலோ கணக்கெல்லாம் இல்லை, இரண்டரை கிலோ. அடுத்த ஆண்டு 256, மறுபடி பழைய புத்தி.

ஊக்கமருந்து பற்றிக் கேட்பீர்கள். ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டு சோதனை ஆரம்பித்ததே அந்த மாண்ட்ரியலில்தான், பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் பளுதூக்குபவர்கள். அலெக்சேயெவ் அதில் இல்லை. ஆனால் அந்தக் காலத்து எண்களை எல்லாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். போங்க் பின்னாளில் உடல் சிதைந்து, கிழக்கு ஜெர்மன் அரசின் ஊக்கமருந்துத் திட்டத்தால் பாதிக்கப்பட்டவர் என்று அங்கீகரிக்கப்பட்டவர். அதை நினைத்தால் அந்த வெள்ளிப் பதக்கத்தைப் பார்த்து உற்சாகப்பட முடியவில்லை.

ஷாக்தி வீட்டுக்குப் போவோம். தோட்டம் போட்டார், காய்கறி வளர்த்தார். காலையில் எத்தனை முட்டை சாப்பிடுவார் என்பது பத்திரிகைக்குப் பத்திரிகை மாறியது, குறையவே இல்லை. மனைவி பெயர் ஒலிம்பியாதா. சத்தியமாக! ரஷ்யாவில் அது பழைய காலத்துப் பெண் பெயர்தான், ஆனாலும் இந்த மனிதருக்கு இப்படியா அமைய வேண்டும். பயிற்சியைத் தண்ணீருக்குள் நின்றும் செய்வார், ஜிம்னாஸ்டிக் குதிரையின் மேல் குப்புறப் படுத்து முதுகை நிமிர்த்தியும் செய்வார். எதையும் யாரிடமும் முழுசாகச் சொல்ல மாட்டார்.

அந்த ரகசியமே கடைசியில் அவரைக் கவிழ்த்தது என்பது என் கருத்து. 1978இல் கெட்டிஸ்பர்க் உலகப் போட்டியில் காயம். அதன்பின் பெரிய போட்டி எதிலும் இறங்காமல், நேரே 1980 மாஸ்கோ ஒலிம்பிக். சொந்த நாடு, சொந்த ரசிகர்கள், வயது 38. ஸ்னாட்சில் முதல் முயற்சிக்கே 180 கிலோ கேட்டார். அவருடைய வாழ்நாள் உச்சமே 187.5! இரண்டு ஆண்டு கழித்து வருகிறவர், 170இல் ஆரம்பித்து ஒரு வெற்றியைப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். அரை கிலோவைக்கூட எண்ணி எண்ணிச் செலவு செய்த மனிதர், அன்றைக்கு மொத்தத்தையும் ஒரே சீட்டில் வைத்தார். மூன்று முறையும் பார் கீழே. ஸ்னாட்சில் பூஜ்யம் என்றால் மொத்தமே கிடையாது, போட்டியிலிருந்தே வெளியே. ரசிகர்கள் விசில் அடித்துக் கேலி செய்தார்கள். பக்கத்தில் "ஐயா, கொஞ்சம் குறைச்சுக் கேளுங்க" என்று சொல்ல ஒரு பயிற்சியாளர் இருந்திருந்தால்? தங்கம் அதே அணியின் சுல்தான் ரக்மானோவுக்குப் போனது.

பிற்பாடு அவரே பயிற்சியாளர் ஆனார். 1992 பார்சிலோனாவில் அவருடைய அணி பளுதூக்குதலில் ஐந்து தங்கம் எடுத்தது. 2011 நவம்பரில், 69 வயதில், இதய சிகிச்சைக்காகப் போயிருந்த மியூனிக்கில் காலமானார்.

கடைசியாக, "இன்றைக்கு வந்தால் நிற்பாரா?" கேள்வி. ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே தூக்கியது ஸ்னாட்சில் 225, ஜெர்க்கில் 267. ஸ்னாட்சில் அலெக்சேயெவ் 37.5 கிலோ பின்னால், பேச்சே இல்லை. ஆனால் ஜெர்க்கில் வித்தியாசம் 11 கிலோதான், நடுவே நாற்பது ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. அடுத்த வீடியோ தலகாட்ஸேவா, பூப்காவா? வாக்கெடுப்பு கீழே இருக்கிறது, போட்டுவிட்டுப் போங்கள்.