வடித்துவிட்ட ஏரி

நண்பர்களே, கிரேக்க நாட்டின் தெசலி சமவெளியில் கனாலியா, ஸ்டெஃபனோவிக்கியோ என்று இரண்டு ஊர்கள். நடுவில் கர்லா ஏரி. ட்ராய் போருக்குக் கப்பல் அனுப்பிய ஊர்களை ஹோமரின் இலியட் வரிசையாகச் சொல்லும். அதில் பொய்பெயிஸ் என்று ஓர் ஏரி வரும். இந்த ஏரிதான் அது.

பினியோஸ் ஆறு பெருகினால் மிச்சத் தண்ணீர் இங்கே வந்து தேங்கும். மழைக்கு விரியும், கோடைக்குச் சுருங்கும். ஆழம் சில மீட்டர்தான். மீனவர்கள் தண்ணீருக்குள்ளேயே நாணல் குடிசை போட்டுத் தங்கி மீன் பிடித்தார்கள். கரையோர உழவர்களுக்கோ வெள்ளமும் மலேரியாவும். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும்.

1962-ல் மலையைக் குடைந்து, ஏரியைப் பகசிட்டிக் வளைகுடாவில் வடித்துவிட்டார்கள். ஒரு பகுதியை நீர்த்தேக்கமாக வைத்துக்கொள்வது என்பதும் திட்டத்தில் இருந்தது. அதை மட்டும் கட்டவே இல்லை! எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். வடிக்கப் பணமும் ஆளும் கிடைத்தபோது, தேக்க ஏன் கிடைக்கவில்லை?

சரி, ஏரித் தரையில் பருத்தி வந்தது. பருத்திக்குத் தண்ணீர் வேண்டுமே? ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது, நிலம் பிளந்தது, மண்ணில் உப்பு ஏறியது. வயல் உரம் கரைந்த தண்ணீர் சுரங்கம் வழியாகக் கடலுக்குப் போய் அங்கேயும் பாசி படர்ந்தது. தண்ணீரை விரட்டிவிட்டு அதே தண்ணீரைத் தேடிப் பூமியைத் துளைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

கடைசியில் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் கரை கட்டி, பினியோஸிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்து, 2010 வாக்கில் ஏரி மறுபடி நிறையத் தொடங்கியது. சுமார் 38 சதுர கிலோமீட்டர். கூழைக்கடாக்கள் திரும்பின. அந்த மீனவர் வாழ்க்கை திரும்பவில்லை. அதைப் பார்க்க இப்போது கனாலியாவில் உள்ள அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். ஐம்பது வருட இடைவெளியில் ஒரு தொழிலின் கைப்பழக்கம் அறுந்துபோகும். அதை எந்த நிதியாலும் வாங்க முடியாது.

2023 செப்டம்பரில் டேனியல் புயல். ஏரி கரையை மீறி, பழைய எல்லைகளைத் தேடிப் போனதுபோல வயல்களில் பரவியது. வெள்ளம் வடிய மாதக்கணக்கானது. 2024 ஆகஸ்ட் கடைசியில், ஏரியில் வளர்ந்த மீன்கள் தண்ணீரோடு போய் உப்புக்கடலில் செத்து மிதந்தன. அதே வளைகுடாவில் உள்ள வோலோஸ் துறைமுகத்தில் நூறு டன்னுக்கு மேல் அள்ளினார்கள்.