பாலத்துக்கு அந்தப் பக்கத்து விலை

நேயர்களுக்கு வணக்கம்.

2007ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி கனடிய டொலரும் அமெரிக்க டொலரும் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக வந்து நின்றன. 1976க்குப் பிறகு அதுவரை அப்படியொரு நாள் வந்ததே இல்லை. 2002 ஜனவரியில் எங்கள் டொலர் 62 அமெரிக்கச் சதத்துக்கும் கீழே கிடந்தது. அதைக் கண்டவர்களுக்கு இது நம்ப முடியாத ஏற்றம்.

அந்த இலையுதிர் காலத்தில் மகளுக்குக் கதைப்புத்தகம் வாங்கப் போனேன். அமெரிக்க விலை, கனடிய விலை இரண்டையும் பின்னட்டையில் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சடித்திருந்தார்கள். கனடிய விலை நாலு டொலர் கூட. எட்டு வயதுப் பிள்ளை அதைத் தொட்டுக் காட்டி, “அப்பா, ரெண்டு காசும் ஒண்டு எண்டு நியூஸில சொன்னவை எல்லோ? அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் கூட?” என்று கேட்டாள். அப்போது நான் ஒரு சுங்கத் தரகு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எல்லை தாண்டி வரும் சாமான்களுக்குப் பத்திரம் நிரப்புவதுதான் என் தொழில். இருந்தும் அவளுக்குச் சொல்ல என்னிடம் முழுப் பதில் இருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் சேர்த்துக்கொண்ட பதிலைத்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் அந்தப் புத்தகத்தையே எடுப்போம். அட்டையில் விலை அச்சாகும்போது டொலர் வேறு விலையில் இருந்தது. கடைக்காரர் பழைய விலையில் வாங்கி அடுக்கிவிட்டார், ஒரே இரவில் அதை மாற்ற அவரால் முடியாது. இது நியாயமான காரணம். ஆனால் இன்னொன்றும் உண்டு. கனடாவின் புத்தக இறக்குமதி விதிகளின்படி, ஒரு புத்தகத்துக்கு இங்கே தனி விநியோகஸ்தர் இருந்தால், அமெரிக்க விலையைக் கனடிய டொலருக்கு மாற்றி அதன்மேல் 10 வீதம் வரை அவர் கூட வைக்கலாம். அந்த வரம்புக்குள் இருக்கும்வரை, கடைக்காரர் அவரைத் தாண்டி நேரே அமெரிக்காவில் வாங்க இயலாது. எங்கள் பதிப்புத் துறையைக் காப்பாற்ற வந்த விதி அது. அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் 10 வீதம் வாசிப்பவரின் பையிலிருந்துதான் போகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, மற்றச் சாமான்கள்? சார்ள்ஸ் எங்கெல், ஜோன் ரோஜர்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1996இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரு நாட்டு நகரங்களிலும் விலைகள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று ஒப்பிட்டார்கள். தூரம் கூடக்கூட இரண்டு நகரங்களின் விலைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது இயல்பு. ஆனால் நடுவில் எல்லை வந்துவிட்டால், ஒரே நாட்டுக்குள் 75,000 மைல் தள்ளியிருக்கும் நகரங்களைப் போல அவை நடந்துகொள்கின்றன என்று கணக்கிட்டார்கள். பூமியை மூன்று தரம் சுற்றிவரும் தூரம் அது! நாங்கள் எல்லையாக ஓடும் நயாகரா ஆற்றங்கரையில் நின்று அந்தப் பக்கத்துக் கட்டடங்களின் யன்னல்களை எண்ணுகிறோம். விலையைப் பொறுத்தவரை அந்த ஆறு அவ்வளவு அகலம்.

2013 பெப்ரவரியில் கனடிய செனற்றின் தேசிய நிதிக் குழு இதைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. சிறிய சந்தை, நீண்ட தூரப் போக்குவரத்து, இறக்குமதித் தீர்வை, வேறுபட்ட பாதுகாப்புத் தரங்கள் என்று பல காரணங்களைச் சொன்னார்கள். ஒரே முடிவான காரணம் சொல்ல அவர்களாலும் முடியவில்லை. ஆனால் அதில் ஒரு விஷயத்தை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்: நாட்டுக்கு நாடு விலை வைத்தல். கனடியர் இவ்வளவு கொடுத்துப் பழகியவர்கள், ஆகவே கனடாவுக்கு இந்த விலை என்று உற்பத்தியாளர் தனியாகத் தீர்மானிப்பது. இதற்கும் லொறிக் கூலிக்கும் சம்பந்தம் இல்லை. எவ்வளவு தாங்குவோம் என்று எங்களை அளந்து பார்த்து வைக்கிற விலை.

அந்த அறிக்கை வந்த கையோடு, அந்த வருஷ வரவுசெலவுத் திட்டத்தில் குழந்தை உடுப்புக்கும் விளையாட்டு உபகரணங்கள் சிலவற்றுக்கும் இருந்த தீர்வையை எடுத்தார்கள். பாலுக்கும் வெண்ணெய்க்கும் கோழிக்கும் கை வைக்கவில்லை. அனுமதித்த அளவுக்கு மேல் வரும் வெண்ணெய்க்கு 298.5 வீதம் தீர்வை. உள்ளூர்ப் பண்ணைக்காரரின் வருமானம் தளம்பாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

இந்த வித்தியாசம் எப்போதும் எங்களுக்கு எதிராகத்தான் இருக்கும் என்று எண்ணாதீர்கள். 2019 ஜூலையில் அமெரிக்க நீரிழிவு நோயாளர் சிலர் டெட்ரொயிட்டிலிருந்து பஸ் ஏறி எங்கள் வின்ட்சருக்கு வந்தார்கள். அமெரிக்க செனற்றர் பேர்னி சாண்டர்ஸும் கூட வந்தார். இன்சுலின் வாங்கத்தான் அந்தப் பயணம். அங்கே கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இங்கே வாங்கினார்கள். அதே மருந்து, அதே குப்பி. இங்கே காப்புரிமை மருந்துகளின் விலையைக் கவனிக்க 1987இலிருந்து ஒரு சபை இருக்கிறது, அங்கே அப்படி எதுவும் இருக்கவில்லை. இன்சுலினைக் கண்டுபிடித்தது 1921இல், இதே ரொறன்ரோவில். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். அந்த மருந்துக்காக ஒரு தாய் கடவுச்சீட்டோடு பாலம் கடந்து வர வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

இனி, சனிக்கிழமை காலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அமெரிக்க நகரமான பஃபலோவுக்குக் கார் எடுக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. அங்கே ஒரு சாமான் 100 அமெரிக்க டொலர் என்று வையுங்கள். பஃபலோ இருக்கிற ஈரி மாவட்டத்தில் விற்பனை வரி 8.75 வீதம். ஓர் அமெரிக்க டொலருக்கு 1.40 கனடிய டொலர் என்று பிடித்தால் 152 டொலர் 25 சதம். கடன் அட்டை இரண்டரை வீதம் கூட எடுத்தால் 156. அன்றைக்கே திரும்பினால் உங்களுக்கு வரிவிலக்கு ஒரு சதமும் இல்லை, எங்கள் ஒன்ராறியோவின் விற்பனை வரி 13 வீதமும் சேரும். ஆக 170ஐத் தாண்டிவிடும். அந்தச் சாமான் வட அமெரிக்காவுக்கு வெளியே செய்ததென்றால் தீர்வையும் வரலாம். 24 மணித்தியாலம் தங்கினால் 200 டொலர் வரைக்கும், 48 மணித்தியாலம் தங்கினால் 800 டொலர் வரைக்கும் விலக்கு உண்டு. ஆனால் தங்குகிற அறைக்கு யார் காசு கொடுப்பது? இங்கே அதே சாமான் 149 டொலர் என்றால், வரியோடு 168தான். பாலத்துக் காசும் பெற்றோலும் நான் இன்னும் கூட்டவில்லை. அட்டையில் இருக்கிற விலையை மட்டும் பார்த்து வண்டி எடுக்காதீர்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், எல்லையில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மறைத்துப் பிடிபட்டவர்களின் பத்திரங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. மிச்சம் பிடித்த காசைப்போல எத்தனையோ மடங்கு அவர்கள் கட்டினார்கள்.

ஆனால் என் மனதில் கிடந்து உறுத்துவது இந்தக் கணக்கு அல்ல. போக முடிந்தவர்களுக்கு ஒரு தெரிவு இருக்கிறது. 1991இல், பொருட்கள் சேவைகள் வரி வந்த அந்த வருஷம், கனடியர்கள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டிப் போய் வாங்கினார்கள், இங்கத்தைக் கடைக்காரர் பதறினார்கள். 2025இல் அமெரிக்காவின் தீர்வைகளால் மனம் நொந்து அதே கனடியர்களில் பலர் போவதையே நிறுத்தினார்கள். இரண்டும் வாடிக்கையாளரின் குரல். ஆனால் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு அந்தக் குரலே இல்லை. நிரந்தர வதிவிட அட்டை வைத்திருந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் அமெரிக்க விசா வேண்டும். அகதிக் கோரிக்கை வைத்துக் காத்திருப்பவர் அந்தப் பாலத்தை நினைத்தும் பார்க்க ஏலாது. இரவு வேலைக்கு பஸ்ஸில் போகிறவருக்குக் காரும் இல்லை. கனடாவுக்கென்று தனி விலை வைக்கிறவர் இதைத்தான் நம்பி வைக்கிறார். எல்லாரும் போய்வர முடிந்தால் அந்த விலை ஒரு மாதம் நிற்காது. கூடுதல் விலையைக் கட்டுவது போக முடியாதவர்கள்தான், குடும்பத்தில் காசு குறைந்தவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

எங்கள் மாடிக் கட்டடத்தில் ஓர் அக்கா இருந்தா. இரண்டு பிள்ளைகள், வந்து ஆறு வருஷம், விசா இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். நாங்கள் பஃபலோ போகிற நேரமெல்லாம் ஒரு துண்டில் எழுதித் தருவா: சின்னவனுக்குச் சப்பாத்து, இவ்வளவு அளவு. கூடவே ஒரு கயிறும் தருவா, காலை அளந்து முடிச்சுப் போட்டது. அங்கத்தை அளவும் இங்கத்தை அளவும் வேறாக இருக்குமோ என்ற பயம். அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான் அக்கா என்று நான் ஒவ்வொரு தரமும் சொல்லுவேன். அவ கயிற்றை என் கையில் வைத்துவிட்டுத்தான் போவா.

நன்றி, வணக்கம்.