ஒரே மலைச்சரிவு, மூணு கல்லு: வின்னிங்கன் ரீஸ்லிங்

வணக்கம் மக்களே. கிளாஸைக் காட்டுறதுக்கு முன்னாடி இந்தச் சுவரைக் காட்டிடறேன். கிட்ட வாங்க. சிமென்ட் இல்ல, சுண்ணாம்பு இல்ல. சிலேட்டுக் கல்லை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்காங்க, அவ்வளவுதான். இந்தச் சுவர் பிடிச்சு வெச்சிருக்கிற மண்ணுலதான் ரீஸ்லிங் கொடி நிக்குது. ரீஸ்லிங்னா வெள்ளை ஒயினுக்கான ஒரு திராட்சை வகை. அதுக்கு மேல இன்னொரு சுவர், இன்னொரு படி. அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது.

ஜெர்மனியில கோப்ளென்ஸ் பக்கம், மோசல் ஆத்தங்கரையில வின்னிங்கன்னு ஒரு ஊரு. அதோ தூரத்துல தெரியுதே, 136 மீட்டர் உயரப் பாலம், அதுல போற வண்டிச் சத்தந்தான் உங்களுக்குக் கேக்குது. நான் நிக்கிற சரிவுக்குப் பேரு ஊலன்.

இங்க டிராக்டர் ஏற வழியே இல்ல. கவாத்து, கொடி கட்டுறது, பழம் பறிக்கிறது எல்லாமே கையாலதான். பாரம் ஏத்த சில இடத்துல ஒத்தைத் தண்டவாளத்துல ஒரு குட்டி வண்டி ஓடுது. மழைத்தண்ணி மண்ணுல ஊறி அழுத்துச்சுன்னா சுவர் வயிறு தள்ளும், அப்புறம் ஒருநாள் சரிஞ்சுரும். திரும்ப ஒவ்வொரு கல்லா அடுக்கணும். இந்த வேலைக்கு அஞ்சி மோசல்ல எத்தனையோ சரிவைக் கைவிட்டுட்டாங்க. அங்கெல்லாம் இப்ப புதர் மண்டிக் கிடக்கு.

ரைன்ஹார்ட் லோவன்ஷ்டைனும் கோர்னேலியா ஹைமனும் 1980-ல ஹைமன்-லோவன்ஷ்டைன் பண்ணையை ஆரம்பிச்சப்போ மோசல்னாலே இனிப்பு ஒயின்தான். 1971-ல வந்த ஜெர்மன் ஒயின் சட்டம் பழச்சாறுல எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு பாத்துத்தான் தரம் பிரிச்சது. எந்த மண்ணுல விளைஞ்சதுங்கிறது அதுக்குக் கணக்கே இல்ல. இவங்க மண்ணைத்தான் முதல்ல பாத்தாங்க. இனிப்பைக் குறைச்சாங்க, ஈஸ்ட் வாங்கிப் போடாம தானா நொதிக்க விட்டாங்க. அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

இந்த ஒரே ஊலன் சரிவுல மூணு விதமான பாறை இருக்கு. மூணுமே சுமார் 40 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடியில படிஞ்சது. நீலம் கலந்த கல்லு இருக்கிற பகுதிக்குப் பேரு ப்ளாவ்ஃப்யூசர் லை. சிப்பிப் படிமமும் சுண்ணாம்பும் உள்ள சாம்பல் கல்லுப் பகுதிக்கு லௌபாக். செம்பழுப்புக் கல்லுப் பகுதிக்கு ரோட் லை. மூணு பகுதியோட ஒயினையும் தனித்தனியா பாட்டில் பண்றாங்க. இன்னைக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துல மூணுக்கும் தனித்தனிப் பாதுகாக்கப்பட்ட பேர் இருக்கு.

கல்லோட ருசி அப்படியே வேர்ல ஏறி கிளாஸுக்கு வந்துராது. தண்ணியை எவ்வளவு பிடிச்சு வைக்குது, வெயிலை எப்படி வாங்கி வைக்குது, வேர் எவ்வளவு ஆழம் போகுது, இதுலதான் கல்லோட வேலை. சாயங்காலம் ஆறு மணி ஆச்சு, சுவர்ல கை வெச்சிருக்கேன், இன்னும் கதகதன்னு இருக்கு. இவ்வளவு வடக்க ரீஸ்லிங் பழுக்கணும்னா இந்தச் சூடு வேணும்.

இந்தச் சுவர் இடுக்குல சதைப்பத்துச் செடி ஒண்ணு முளைக்கும். சிவப்புப் பொட்டு வெச்ச அப்பல்லோ பட்டாம்பூச்சியோட புழு அதைத் தின்னுதான் வளருது. இங்க இருக்கிற அந்த வகைக்கு அறிவியல் பேரே இந்த ஊரை வெச்சுத்தான், வின்னிங்கென்சிஸ்.

சரி, மூணும் ஊத்தியாச்சு. நீலக்கல்லு ஒயின் சில்லுன்னு இறுக்கமா இருக்கு. லௌபாக் வழவழன்னு நாக்குல பரவுது. ரோட் லை இன்னும் வாயே திறக்கல, அதுக்குச் சில வருஷம் கொடுக்கணும். வாங்குனீங்கன்னா ரொம்பக் குளிர வெக்காம, பெரிய கிளாஸ்ல ஊத்தி, அரை மணி நேரம் அப்படியே விடுங்க. நான் லௌபாக் எடுத்துக்கிறேன்.