ஒரு கிலோ துணி, அரைக் கிலோ உப்பு: திருப்பூரின் சாய நீருக்கு விலை கொடுப்பது யார்?

[காட்சி: துணிக்கடை ஒன்றின் அலமாரி. கறுப்பு நிற டி-சர்ட்டின் உட்புறத்தில் தைக்கப்பட்ட சீட்டு.]

வணக்கம். பருத்தி டி-சர்ட் ஒன்றின் சீட்டில் துணியின் வகை, அளவு, துவைக்கும் முறை, தயாரான நாடு ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். சில ஆண்டுகளாக அவற்றோடு, சுற்றுச்சூழலைக் காக்கும் முறையில் தயாரானது என்ற பொருளில் ஒரு பச்சை வாசகமும் சேர்ந்து வருகிறது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடைகளில் பாதிக்கும் மேற்பட்டவை திருப்பூரிலிருந்து செல்கின்றன. எனவே இந்தியாவில் தயாரான சட்டை ஒன்றில் அந்தப் பச்சை வாசகம் இருந்தால், அது மெய்யா பொய்யா என்பதைத் திருப்பூரின் சாயப்பட்டறைகளில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வீடியோ அந்த ஒரு கட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பருத்தி வயல், பாலியெஸ்டர், விற்காத துணிகளின் குவியல் ஆகிய ஒவ்வொன்றும் தனியே பேச வேண்டிய பெரிய விஷயங்கள். ஆனால் ஆடைத் தொழிலின் அறத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போகும் கேள்வி சாயப்பட்டறையில்தான் தெளிவாகத் தெரிகிறது: ஆற்றைக் கெடுக்காமல் துணிக்கு நிறம் ஏற்றக் கூடுதலாகச் செலவாகிறது என்றால், அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது?

[காட்சி: சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தின் கண்ணாடிச் சாளரம். உள்ளே கயிறுபோல் சுழலும் துணி.]

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பின்னி முடித்த துணி சாயப்பட்டறைக்கு வரும்போது மங்கலான மஞ்சள் கலந்த வெண்மையில் இருக்கும். அதில் உள்ள இயற்கை மெழுகையும் அழுக்கையும் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் நீக்குகின்றன. பிறகு சாயம் ஏற்ற வேண்டும். பருத்திக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் நனைந்த பருத்தி இழை லேசான எதிர்மின் தன்மையைப் பெறுகிறது. சாய மூலக்கூறும் எதிர்மின் தன்மை உடையதே. ஒன்றையொன்று விலக்கும் இந்த இரண்டையும் அருகில் கொண்டுவருவதற்காகத்தான் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். சாதாரண உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) ஏராளமாகக் கரைந்திருக்கும்போது அந்த விலக்கம் தணிந்து, சாயம் இழையை நோக்கி நகர்கிறது. அதன் பிறகு சோடா ஆஷ் என்ற காரத்தைச் சேர்த்தால் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பில் கட்டுண்டு, துவைத்தாலும் போகாத நிறமாகிவிடுகிறது.

உப்பின் அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயக் கரைசலில் சுமார் 60 கிராம் உப்பு தேவைப்படுகிறது. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் கரைசல் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு. ஒரு கிலோ துணியில் ஐந்து அல்லது ஆறு டி-சர்ட் வரும். அப்படியானால் நீங்கள் அணிந்திருக்கும் ஒரு கறுப்புச் சட்டைக்குப் பின்னால் ஏறக்குறைய நூறு கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பில் ஒரு துளிகூடத் துணியில் தங்குவதில்லை. தன் வேலையை முடித்த பிறகு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. இழையில் ஒட்டாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும் சாயம், தொட்டியில் போட்டதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருக்கும். அதுவும் அடுத்தடுத்த அலசல்களில் வெளியே வந்துவிடுகிறது.

பொதுமக்கள் கண்ணுக்குத் தெரிவது நிறம்தான். ஆறு சிவப்பாக ஓடியது, நீலமாக ஓடியது என்று செய்தி வரும்போது நாமும் நிறத்தைப் பார்த்துத்தான் அதிர்ச்சி அடைகிறோம். ஆனால் அதிகக் கேடு செய்வது கண்ணுக்குத் தெரியாத உப்பு. நிறத்தைச் சுண்ணாம்பும் இரும்பு உப்புகளும் சேர்த்துப் படியவைத்து நீக்கிவிடலாம். கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். கரைந்த உப்பு படியவும் படியாது, மட்கவும் மட்காது. 1990-களின் பிற்பகுதியில் திருப்பூரில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. எனவே நிலையத்திலிருந்து வெளிவந்த நீர் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் பயிருக்குப் பாய்ச்ச உதவாததாகவே இருந்தது.

[காட்சி: வெள்ளியங்கிரி மலைச்சரிவு, அங்கிருந்து கிழக்கே நகரும் நொய்யலின் வரைபடம்.]

நொய்யல் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. மழைக்காலத்தில் மட்டும் பெருகும் சிறிய ஆறு என்பதால், கழிவைக் கரைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு அதில் ஆண்டு முழுவதும் நீர் இருப்பதில்லை. இந்த ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் கட்டி முடிக்கப்பட்ட அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோடு, கரூர் பகுதிகளுக்குப் பாசனம் தருவதே அதன் நோக்கம். அதே ஆண்டுகளில்தான் திருப்பூரின் ஏற்றுமதியும் வேகமெடுத்தது. பாசனத்துக்காகக் கட்டிய அணை, சாயக் கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாக மாறியது. அணைக்கு மேலும் கீழும் இருந்த கிணறுகளில் உப்பு இறங்கியது. கால்நடைக்கும் அந்தத் தண்ணீர் ஆகவில்லை. சோடியம் ஏறிய களிமண் தன் பொலபொலப்பை இழந்து இறுகிவிடும். அதில் பாய்ச்சும் நீர் உள்ளே இறங்காது, வேருக்குக் காற்றும் போகாது. இப்படிக் கெட்ட நிலத்தைத் திருத்துவதற்கு நல்ல தண்ணீரும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். நல்ல தண்ணீருக்குத்தான் அங்கே பஞ்சம்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. சாயமேற்ற உப்பில்லாத மென்னீர் தேவை. தம்மைச் சுற்றியிருந்த நிலத்தடி நீரை இழந்த பட்டறைகள், தள்ளியிருந்த கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீரை விலைக்கு வாங்கின. வேளாண்மைக்கு உரிய நல்ல நீர் நகரத்துக்குப் போனது; உப்பு நீர் கிராமத்துக்குத் திரும்பியது.

[காட்சி: சென்னை உயர் நீதிமன்றக் கட்டடம். கீழே ஆண்டுகள் மட்டும்: 2006, 2009, 2011.]

இதைத் தடுத்தது எந்த வெளிநாட்டு பிராண்டின் மனசாட்சியும் இல்லை, எந்தச் சான்றிதழும் இல்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் (ஆற்றுப் பாசன நிலம் உடையவர்கள்) பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த விவசாயிகள் தொடுத்த வழக்குதான் இதைத் தடுத்தது. 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு வழங்கவேண்டும் என்று அதற்கென அமைந்த ஆணையம் 2004-இல் கணக்கிட்டிருந்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியேற்றக்கூடாத நிலையை எட்ட வேண்டும் என்று காலக்கெடு விதித்ததோடு, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசா கணக்கில் தொகை கட்டவும் உத்தரவிட்டது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஏற்கெனவே நிலைநாட்டியிருந்த உச்ச நீதிமன்றம், 2009 அக்டோபரில் திருப்பூர் வழக்கிலும் அதையே உறுதிசெய்தது. அதன் பிறகும் உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது.

அந்த மூடல் எளிதாகக் கடந்துபோன ஒன்று அல்ல. பனியன் கம்பெனிகளில் வேலை குறைந்தது. கூலித் தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். துணி சாயத்துக்காக வெளியூர்களுக்குப் போனது. சில பட்டறைகள் கண்காணிப்பு குறைந்த அண்டை மாவட்டங்களில் இரவோடு இரவாக முளைத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சட்டம் இறுகினால் கழிவு அடுத்த வாய்க்காலைத் தேடிப் போகும். அப்படியிருந்தும் விவசாயிகள் கேட்டது நியாயம், நீதிமன்றம் செய்தது சரி என்பதே என் உறுதியான கருத்து. இருபது ஆண்டுகளாக அவர்கள் நிலத்தின் மீது ஏற்றப்பட்டிருந்த ஒரு செலவு அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தொழிலின் கணக்கேட்டுக்கு வந்தது.

[காட்சி: பொதுச் சுத்திகரிப்பு நிலையம். சவ்வூடு பரவல் குழாய்களின் வரிசை, ஆவியாக்கும் கோபுரம், தரையில் குவிந்த ஈர உப்பு.]

இன்று கழிவுநீர் என்ன ஆகிறது? முதலில் நுண்ணுயிர்த் தொட்டிகளில் கரிமக் கழிவு நீக்கப்படுகிறது. அடுத்து எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது நாம் வீட்டில் ஆர்.ஓ. என்று சொல்லும் அதே முறையில், மிகுந்த அழுத்தத்தில் நீர் சவ்வுகளின் வழியே செலுத்தப்படுகிறது. அதிலிருந்து கிடைக்கும் நல்ல நீர் பட்டறைக்கே திரும்பிப் போகிறது. மிஞ்சும் அடர்ந்த உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து, அடுக்கடுக்கான ஆவியாக்கிகளில் நீரைப் பிரித்து, உப்பைப் படிகமாக எடுக்கிறார்கள். நன்றாக நடக்கும் நிலையங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் மீள்கிறது, உப்பும் மறுபடி சாயத் தொட்டிக்கே போகிறது. இவ்வளவு பெரிய ஆடை உற்பத்தி மையம் ஒன்று முழுவதும் இந்த நிலையை எட்டியிருப்பது உலக அளவில் அரிது. இதைச் செய்து காட்டிய திருப்பூர்ப் பொறியாளர்களையும் பட்டறைக்காரர்களையும் நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இது இலவசமாக நடப்பதில்லை. அழுத்தம் கொடுக்க மின்சாரம் வேண்டும், கொதிக்கவைக்க விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும், அடைத்துப்போகும் சவ்வுகளை மாற்ற வேண்டும். ஆற்றுக்குப் போகாத மாசில் ஒரு பகுதி புகையாக மாறுகிறது என்பதும் உண்மை. காற்றாலையிலும் சூரிய மின்சாரத்திலும் திருப்பூர் நிறுவனங்கள் முதலீடு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் கிடங்குகளில் தேங்குகின்றன. சேற்றில் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. கட்டுமானச் செலவுக்கு அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. அன்றாடம் நடத்தும் செலவைப் பட்டறைகள்தான் சுமக்கின்றன.

[காட்சி: மேசை மீது ஒரு காஸ்டிங் ஷீட். விரல் ஒவ்வொரு வரியாக இறங்குகிறது.]

இப்போது ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தயாரிக்கும் காஸ்டிங் ஷீட்டை, அதாவது ஆடையின் செலவுக் கணக்குத் தாளைப் பார்ப்போம். நூல் விலை, நிட்டிங், கிலோவுக்கு இவ்வளவு என்று சாயக் கூலி, துணி பிறகு சுருங்காதபடி அழுத்தும் காம்பாக்டிங், பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், லேபிள், பட்டன், துறைமுகம் வரை வண்டி வாடகை என்று வரிகள் இறங்கும். அதில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்ற தனி வரியை நீங்கள் காண்பது அரிது. அது சாயக் கூலிக்குள் அடங்கிவிடுகிறது. வாங்குபவர், அந்தத் தொழிலில் பையர் என்று சொல்லப்படுபவர், இதே சட்டையை இப்படிப்பட்ட சுத்திகரிப்பு கட்டாயமில்லாத வேறொரு நாட்டின் விலையோடு ஒப்பிட்டு, இத்தனை சென்ட் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நூலின் விலை சந்தையில் தீர்மானமாகிறது. சாயக் கூலியை ஓரளவுக்கு மேல் இறக்க முடியாது. மீதி இருப்பது தையல் கூலிதான்.

ஆகவே ஆற்றையும் தொழிலாளியையும் இரண்டு தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்துப் பேசுவது தவறு என்று நினைக்கிறேன். திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலி ஒப்பந்தம் போடும் நல்ல மரபு இருக்கிறது. 2021 ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளில் 32 சதவீத உயர்வுக்கு வழிசெய்தது. ஆனால் கான்ட்ராக்டரிடம் துண்டுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கைமடி எனப்படும் உதவியாளர் வேலையில் சேரும் இளைஞர்களுக்கும் அந்த உயர்வு முழுதாகப் போய்ச்சேருவதில்லை. நூற்பாலைகளில் இந்த அழுத்தம் இன்னும் கொடிய உருவங்களை எடுத்தது. திருமணச் செலவுக்கு மூன்று ஆண்டு முடிவில் மொத்தமாக 30,000 முதல் 60,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, ஏழைக் குடும்பத்துப் பெண்களை விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் அதில் ஒன்று. இடையில் நோயுற்று வெளியேறிய பெண்ணுக்கு அந்தத் தொகை கிடைக்காமலே போனது.

பிராண்டுகளுக்காக ஆலைகளில் நடக்கும் தணிக்கைகள் இதையெல்லாம் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். வங்கதேசத்தின் சாவர் நகரில் 2013 ஏப்ரல் 24 அன்று ரானா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறப்பதற்கு முன்பு, அதற்குள் இயங்கிய ஆலைகளிலும் தணிக்கை நடந்திருந்தது. அதன் பிறகு பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் உருவான பின்பே அங்கே கட்டடப் பாதுகாப்பு மேம்பட்டது. நம் மாநிலத்திலும் அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, 2022-இல் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தில் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய நிறுவனங்கள் கட்டுப்பட்டன. புகார் சொல்லும் பெண்ணுக்கு அதில் ஒரு சங்கம் துணை நின்றது, மீறினால் வணிகம் பாதிக்கப்படும் என்ற விளைவும் இருந்தது.

[காட்சி: மீண்டும் காஸ்டிங் ஷீட். சாயக் கூலிக்குக் கீழே ஒரு வெற்று வரி.]

பச்சை வாசகத்தைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஆர்கானிக் பருத்தி என்ற சொல் மட்டும் இருந்தால் அது வயலைப் பற்றியது, சாயத் தொட்டியைப் பற்றியது அல்ல. ஆர்கானிக் ஜவுளிக்கான உலகத் தரச்சான்றான ஜி.ஓ.டி.எஸ். முத்திரை கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் தொழிலாளர் நிலையையும் கேட்கிறது. ஆனால் அதற்கான செலவைப் பிராண்டு கொடுத்ததா என்று கேட்பதில்லை. கூலியைப் பொறுத்தவரை, ஆடைத் தொழிலாளர் நிலையை மேம்படுத்தப் பாடுபடும் ஃபேர் வேர் அமைப்பு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது: ஒரு சட்டையைத் தைக்க எத்தனை நிமிடம், அந்த நிமிடத்துக்கு எவ்வளவு கூலி என்று தனியே கணக்கிட்டு, பேரத்துக்கு வெளியே வைப்பது. அதே முறையில் சுத்திகரிப்புச் செலவையும் கிலோ கணக்கில் தனி வரியாக எழுதி, விலைப் பேச்சில் அந்த வரியைத் தொடக்கூடாது என்று வாங்கும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம். திருப்பூரில் எத்தனை லிட்டர் நீரை மீட்டோம் என்று ஆண்டறிக்கையில் பெருமையாக வெளியிடும் ஒவ்வொரு பிராண்டும், அந்த லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதையும் அதற்கு அடுத்த வரியில் வெளியிட வேண்டும். நாம் அவர்களுக்கு எழுதும் கடிதத்திலும் கடையில் கேட்கும் கேள்வியிலும் இந்த ஒன்றையே கேட்போம்.