எக்ஸ் 23.7: குளவிக் கொட்டுக்கும் ஓர் எண் இருக்கிறது

[திரையில்: நான்காக மடித்துக் கசங்கிய ஒரு டயக்னோசிஸ் கார்ட். பெயரும் ஆஸ்பத்திரியும் மறைக்கப்பட்டிருக்கின்றன.]

வணக்கம் உறவுகளே.

இது என் அம்மாவின் கார்ட். இரண்டு வருசத்துக்கு முன்னால் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவிக் கூடு கலைந்துவிட்டது. அம்மாவோடு சேர்த்து ஆறு பேருக்குக் கொட்டு. அம்மாவின் முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. கொழுந்து லொறியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் வார்டில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன நோய் என்று எழுதும் இடத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தார்கள்: 'இன்செக்ட் பைட்'. பூச்சிக்கடி.

இந்த இரண்டு சொல்லை மட்டும் கணினியிடம் கொடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு எண் கேட்டால் டபிள்யூ 57 என்று சொல்லக்கூடும். அதன் பொருள், நஞ்சில்லாத பூச்சி கடித்தது அல்லது கொட்டியது. மூன்று நாள் சேலைன் ஏறிய அம்மாவும், நுளம்பு கடித்துக் கை தடித்தவரும் ஒரே வரியில் நிற்பார்கள்.

கணினி எதையும் மாற்றவில்லை. எழுதியிருந்ததை வாசித்தது, அவ்வளவுதான். இந்த வீடியோ அதைப் பற்றித்தான்: நம் வாயிலிருந்து வரும் சொல் எப்படி ஓர் எண்ணாகிறது, அந்த வேலையைக் கணினி எப்படிச் செய்கிறது, வழியில் என்னவெல்லாம் கொட்டிப்போகிறது.

[திரையில்: தேயிலைத் தூள் தட்டுகள், வரிசையாக.]

முதலில் கொஞ்சம் பின்னணி. வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஓடவிட்டுத் தள்ளாதீர்கள்.

நம் பெக்டரியில் தூளைச் சலித்து பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரிக்கிறார்கள் அல்லவா? பி.ஓ.பி. என்றால் புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ. அதில் ஆரஞ்சு என்ற சொல் இருக்கிறது, ஆனால் தோடம்பழம் துளியும் இல்லை. இருந்தாலும் மஸ்கெலியாவில் பி.ஓ.பி. என்று எழுதினால் கொழும்பிலும் புரியும், மொஸ்கோவிலும் புரியும். 1883இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. பத்து வருசம் கழித்து, 1893இல், பிரெஞ்சுக்காரரான ஜாக் பெர்டிலோன் சிகாகோவில் நடந்த கூட்டத்தில் மரணக் காரணங்களுக்கு ஒரு பட்டியலை முன்வைத்தார். எந்த நாட்டில் எந்தப் பெயரில் சொன்னாலும் ஒரே காரணத்துக்கு ஒரே தரப்பெயர். அந்தப் பட்டியல் வளர்ந்துதான் இன்றைய ஐ.சி.டி. ஆகியிருக்கிறது, முதலில் சொன்னேனே, உலக சுகாதார நிறுவனத்தின் அந்த நோய்ப் பட்டியல். அதன் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வார்டிலிருந்து வெளியேறுகிறவர்களின் நோய் விபரம் ஈ-ஐ.எம்.எம்.ஆர். என்ற முறைமையில் ஐ.சி.டி.யின் பத்தாவது பதிப்புக் குறியீட்டோடு ஏறுகிறது. ஸ்னோமெட் என்று மருத்துவச் சொற்களுக்கு இன்னொரு பெரிய அகராதி இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

[திரையில்: பெரிய எழுத்தில் 'எக்ஸ் 23'.]

எக்ஸ் 23. மலைக்குளவி, குளவி, தேனீ ஆகியவற்றால் ஏற்பட்ட தாக்கம். ஆம், உறவுகளே, இதற்கென்றே ஓர் எண் இருக்கிறது! முதன்முதலில் இதைப் பார்த்த இரவு நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்காக்காரர்கள் தங்களுக்கென விரித்து எழுதிக்கொண்ட பதிப்பில் வாத்து மோதியதற்குக்கூட ஓர் எண் இருக்கிறது, டபிள்யூ 61.62. அதைக் காட்டிப் பலர் சிரிப்பார்கள். வாத்துக்கே இடம் கொடுத்த பட்டியலில் குளவிக்கு இடம் இல்லாமல் போகுமா?

ஆனால் என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது புள்ளிக்குப் பிறகு வரும் ஓர் இலக்கம். பத்தாவது பதிப்பில், இப்படி வெளியிலிருந்து வந்த காயங்களுக்கு, அது எந்த இடத்தில் நடந்தது என்று சொல்ல ஓர் இலக்கம் சேர்க்கலாம். 0 என்றால் வீடு. 2 என்றால் பாடசாலை போன்ற பொது இடம். 4 என்றால் தெரு. 7 என்றால் பண்ணை, அதாவது பயிர் செய்யும் நிலமும் அதில் அடக்கம். எங்கே என்று தெரியாவிட்டால் 9.

இப்போது நம் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். லயத்துக் கூரையடியில் கூடு கட்டிய குளவி பிள்ளையைக் கொட்டினால் எக்ஸ் 23.0. கொழுந்து மலையில் கொட்டினால் எக்ஸ் 23.7. அதற்குப் பிறகும் இன்னோர் இலக்கம் சேர்க்க இடம் இருக்கிறது: அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தார்? சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார் என்றால் 2.

ஏழும் இரண்டும். இந்த இரண்டு இலக்கத்துக்குள் ஒரு தொழிலாளியின் காலைப்பொழுது முழுக்க இருக்கிறது: பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்), கூடை, மலை, வேலை நேரம். இதைச் சரியாக எழுதி எழுதிச் சேர்த்தால், வேலை செய்யும் இடத்தில் ஒரு மாவட்டத்தில் எத்தனை பேரைக் குளவி கொட்டியது என்று ஒரு கேள்வியில் எடுக்கலாம். மலைக்குள் இறங்குவதற்கு முன் கூடு பார்க்க ஆள் வைக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் கையில் கணக்கோடு பேசலாம். எழுதாமல் விட்டால் 9. அதிலும் 'இன்செக்ட் பைட்' என்று விட்டால் எக்ஸ் 23 கூட இல்லை.

இதில் இன்னும் கவலை தரும் ஒன்று இருக்கிறது. நிறையக் குளவிகள் சேர்ந்து கொட்டினால் நஞ்சு தசையைச் சிதைக்கும், அது சிறுநீரகத்தை அடைத்துவிடும். கொட்டு வாங்கியவர் நாலைந்து நாள் கழித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறக்கலாம். இந்தச் சங்கிலி எதில் தொடங்கியதோ அதைத்தான் மரணத்தின் அடிப்படைக் காரணமாக எடுக்க வேண்டும் என்பது ஐ.சி.டி.யின் விதி. ஆகவே அந்த மரணம் குளவியின் கணக்கில் போக வேண்டும். ஆனால் தாளில் 'சிறுநீரகச் செயலிழப்பு' என்று மட்டும் இருந்தால், அந்தத் தாளை வாசிக்கும் எந்தக் கணினிக்கும் குளவி தெரியாது.

[திரையில்: இடது பக்கம் குளவி, வலது பக்கம் மலைத்தேனீ.]

ஒரு கிளைக் கதை, சுருக்கமாக. நாம் குளவி, குளவி என்கிறோமே, அது எப்போதும் குளவிதானா? பாறையிலும் பெரிய மரத்திலும் தொங்கும் மலைத்தேனீயையும் நம் தோட்டத்தில் பெரும்பாலும் குளவி என்றுதான் சொல்கிறோம். சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்: தெபரு, பம்பரு. தேனீயாக இருந்தால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும்; உடனே எடுத்துவிட வேண்டும். குளவி கொடுக்கை விட்டுப் போகாது. ஐ.சி.டி. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுவிடுகிறது. ஸ்னோமெட் இரண்டுக்கும் தனித்தனி எண் வைத்திருக்கிறது. நாம் ஒரே சொல்லால் சொல்வதை நேராக மொழிபெயர்க்கும் கணினி தடுமாறக்கூடும். 'கொடுக்கு தோலில் நின்றதா?' என்று கேட்கும் தாதிக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை.

கொடுக்கு விசயம் இப்போதுதான் தெரியும் என்றால் ஒரு லைக் போட்டுவிட்டு வாருங்கள்.

[திரையில்: மூன்று அம்புக்குறிகள்.]

மலையகத்தில் ஒரு நோயின் பெயர் எத்தனை கை மாறுகிறது பாருங்கள். அப்பாயி தமிழில் சொல்வார். பல இடங்களில் வைத்தியர் அதைச் சிங்களத்தில் கேட்டுக்கொள்வார். பெட் ஹெட் டிக்கெட்டில், அதுதான் கட்டில் தலைமாட்டில் தொங்கும் அந்தத் தாள்க்கட்டில், ஆங்கிலத்தில் எழுதுவார், அதுவும் சுருக்கெழுத்தில். பதிவறையில் ஒருவர் அதை வாசித்து எண்ணாக்குவார். நாலு படி.

'மயக்கமா இருக்கு' என்று அப்பாயி சொன்னால் என்ன? தலை சுற்றுகிறதா? அது ஆர் 42. நினைவு தப்பி விழுந்தாரா? அது ஆர் 55. குமட்டிக்கொண்டு வருவதையும் சிலர் மயக்கம் என்றுதான் சொல்வார்கள். அது ஆர் 11. ஒரே சொல், மூன்று எண், மூன்று வேறு வைத்தியம். ஆங்கிலத்தில் எழுதும் சுருக்கமும் இதேபோலத்தான். எம்.எஸ். என்று எழுதினால் இதய வால்வு சுருங்கியதாகவும் இருக்கலாம், நரம்பைத் தாக்கும் ஒரு நோயாகவும் இருக்கலாம்.

சரி, கணினி இதை எப்படிச் செய்கிறது?

[திரையில்: நானே எழுதிய ஒரு மாதிரிக் குறிப்பு. 'பெண், 47 வயது. தேயிலை மலையில் வேலை செய்யும்போது குளவி கொட்டியது. மூச்சுத்திணறல் இல்லை. தகப்பனுக்குச் சீனி. பிரஷருக்கு மருந்து எடுக்கிறார்.']

வார்டில் இது ஆங்கிலத்தில் இருக்கும். உங்களுக்காகத் தமிழில் போட்டிருக்கிறேன். பழைய முறை, சொல்லைச் சொல்லோடு ஒப்பிடுவது. எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து, பட்டியலிலிருந்து கிட்டத்தில் இருக்கும் பெயர்களை வரிசையாகக் காட்டும். இதற்கு உசாகி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் உசாகி என்றால் முயல்! அதை உருவாக்கிய ஆய்வாளர் கூட்டத்திடம் வைட் ரேபிட் என்று இன்னொரு முயலும் இருக்கிறது. உசாகி செய்யும் நல்ல காரியம், தானாக முடிவெடுக்காமல் 'இதுவா, இதுவா?' என்று கேட்டு மனிதர் சரி சொல்லும்வரை காத்திருப்பது. எனக்கு அந்த முயலை மிகவும் பிடிக்கும்.

புதிய முறை எழுத்தை விட்டுப் பொருளைப் பார்க்கிறது. கோடிக்கணக்கான வாக்கியங்களை வாசித்து, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று கற்று, ஒவ்வொன்றையும் ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைக்கிறது. 'மாரடைப்பு', 'ஹார்ட் அட்டாக்' இரண்டிலும் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகாது, ஆனாலும் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் விழும். சாட்ஜிபிடி போன்ற இன்றைய பெரிய மொழி மாதிரிகள் இதைவிடச் சரளமாகச் செய்யும். ஒரே பயம், இல்லாத எண்ணையும் அதே சரளத்தோடு எழுதிவிடும். அதனால் அது தரும் ஒவ்வோர் எண்ணையும் உண்மையான பட்டியலோடு ஒத்துப் பார்க்காமல் ஏற்கக்கூடாது.

இப்போது நம் குறிப்பைப் பாருங்கள். 'மூச்சுத்திணறல்' என்ற சொல்லைப் பிடித்து, 'இல்லை'யை விட்டுவிட்டால் இல்லாத நோய் ஏறிவிடும். இதற்காகவே 2001இல் நெக்எக்ஸ் என்ற எளிய முறை ஒன்று வந்தது: மறுப்புச் சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் முன்னால் நிற்கும். தமிழில் 'இல்லை' கடைசியில்தானே வரும்? ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டையை அப்படியே நமக்குப் போட முடியாது. அடுத்து, சீனி தகப்பனுக்கு; அதை மகளின் தலையில் கட்டக்கூடாது.

அந்தச் சீனியிலும் ஒன்று இருக்கிறது. ஸ்னோமெட்டில் பொதுவாக நீரிழிவுக்கு 73211009, இரண்டாம் வகை நீரிழிவுக்கு 44054006. 'சீனி' என்று மட்டும் எழுதியிருந்தால் முதல் எண்ணோடு நின்றுகொள்ள வேண்டும். எழுதாத வகையைக் கணினி ஊகிக்கக்கூடாது.

இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோசம் வரும். ஸ்னோமெட்டில் கருத்து வேறு, அதன் பெயர் வேறு. மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணில் எந்த மொழியின் பெயரையும் கொளுவலாம். நீரிழிவு, சீனி வருத்தம், ஷுகர், சிங்களத்தில் தியவெடியாவ, எல்லாம் ஒரே ஆணியில் தொங்கலாம். ஆஸ்துமாவுக்கு யாழ்ப்பாணத்தில் தொய்வு, நம் பக்கம் இழுப்பு, இரண்டும் ஒரே ஆணியில். ஆணி தயாராக இருக்கிறது. நம் சொற்களைச் சேர்த்துக் கொடுக்க ஆள் வேண்டும். அது வைத்தியர் மட்டும் செய்யும் வேலை இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவர், மருத்துவச்சி, பிள்ளைக்காம்பரா அம்மா, இவர்களுக்குத் தெரிந்த சொல் எந்த அகராதியிலும் கிடைக்காது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், உங்கள் தோட்டத்தில் ஒரு வருத்தத்துக்குச் சொல்லும் பெயரைக் கொமண்டில் எழுதுங்கள். எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள், பொகவந்தலாவையா, இராகலையா, பசறையா, தெல்தோட்டையா. ஆட்களின் பெயரோ கிளினிக் இலக்கமோ வேண்டாம், சொல் மட்டும் போதும். நான் ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏற்றி வருகிறேன்.

இன்னொன்று. யாரையாவது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், கூடப் போகிறவர் மூன்று விசயத்தைச் சொல்லுங்கள்: கொட்டியது எது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது. கொடுக்கு தோலில் நின்றிருந்தால் அதையும்.

[திரையில்: ஒரு கிளினிக் கொப்பியின் முதல் பக்கம்.]

போன மாதம் அம்மா பிரஷர் கிளினிக்குப் போனார். நானும் போனேன். இளம் வைத்தியர், சிங்களப் பிள்ளை. முன்னால் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டார். அம்மா அந்தக் கசங்கிய கார்டை எடுத்து நீட்டினார். அவர் வாசித்துவிட்டு, என்ன பூச்சி என்றார். அம்மா எனக்கு முன்னால் முந்திக்கொண்டு, தெரிந்த சிங்களத்தில் சொன்னார்: தெபரு, பன்னிரண்டாம் நம்பர் மலை, கொழுந்து எடுக்கிற நேரம். வைத்தியர் பேனாவை எடுத்துக் கொப்பியின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், மூன்றையும் எழுதினார்.