டேமில் சின்ன போட் ஓட்டுகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

[காட்சி: விடிகாலை, மவுசாக்கலைக் கரை. பனிமூட்டத்துக்குள் ஒரு ஃபைபர் வள்ளம்.]

வணக்கம். எனக்குப் பின்னால் இருப்பது இலங்கை மலையகத்தில் இருக்கும் மவுசாக்கலை டேம். அதோ, சேற்றுக்கு மேலே கறுப்பாக ஒரு சுவர் நிற்கிறதே, அது பழைய மஸ்கெலியா டவுன். 1969-இல் அணை வந்தபோது கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாமே தண்ணீருக்குள் போய்விட்டன. வறட்சி வந்தால் தலை காட்டும். பார்க்க வருகிறவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். வள்ளம் ஓட்டுகிறவனுக்குப் பயம் அந்த நாட்களில் இல்லை. தண்ணீர் கொஞ்சம் ஏறி, அந்தச் சுவர் ஒரு முழம் கீழே ஒளிந்திருக்கும் நாட்களில்தான்.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு பின், அருகில்.]

இதைப் பாருங்கள். சியர் பின். பென்சில் துண்டு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். சின்ன எஞ்சின்கள் பலவற்றில் புரொப்பெல்லரை அச்சோடு பிடித்து வைத்திருப்பது இதுதான். கல்லில் அடிபட்டால் இது உடையும், உள்ளே இருக்கும் கியர் தப்பும். உடைவதற்கென்றே மிருதுவான உலோகத்தில் செய்தது. ஒரு தடவை எனக்கு நடுத்தண்ணீரில் உடைந்தது, மாற்றுப் பின் இல்லை. ஆணி ஒன்றை வெட்டிச் செருகிக்கொண்டு கரைக்கு வந்தேன். வந்தவன் அதைக் கழற்றியிருக்க வேண்டும். "ஓடுதே" என்று விட்டுவிட்டேன். அடுத்த தடவை அடிபட்டபோது ஆணி உடையவில்லை, கியர் உடைந்தது. இப்போது மூன்று பின், ஒரு குறடு, ஒரு ஸ்பார்க் பிளக், பிளக் சாவி எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு சீட்டுக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறேன்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். இங்கே ஓடும் எஞ்சின்களில் நிறைய நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் கடலில் ஓடி முடித்து மலை ஏறி வந்தவை. வாங்கியதும் அடியில் இருக்கும் அனோட் கட்டியைப் பாருங்கள். எஞ்சின் அரிக்காமல் இருக்க, தான் அரிபட்டுத் தேய்கிற உலோகக் கட்டி அது. கடலுக்குப் போடுவது சிங்க் கட்டி. நல்ல தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது, மெக்னீசியம் போட வேண்டும். எஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீர் போகும் குழாயைப் பழைய உப்பு அடைத்திருக்கவும் கூடும். எஞ்சின் ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வர வேண்டும். "ஒன்னுக்குப் போகுதா?" என்று நாங்கள் கேட்பது இதைத்தான். வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். துளையைக் கம்பியால் குத்திப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் உள்ளே தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் போயிருக்கலாம். சேற்றில் ஓட்டினால் அது சீக்கிரம் தேயும்.

இன்னொரு விசயம், உயரம். நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலே. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் வலு குறையும். 8 குதிரைவலு என்று வாங்கினது இங்கே 7 மாதிரிதான் இழுக்கும். காற்று மெலிவதால் கார்பரேட்டர் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும், பிளக் கரி பிடிக்கும். ஆள் ஏற்றும்போது இதை நினைவில் வையுங்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கையேட்டில் 50-க்கு 1 என்று இருந்தால் ஒரு லீட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். கண் அளவில் ஊற்றாதீர்கள்.

[காட்சி: கியர் எண்ணெய் ஒரு தட்டில் வடிகிறது.]

கியர் எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அநேகமாகக் குற்றவாளி தங்கூசி, அதுதான் தூண்டில் நைலான் நூல். புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள், அச்சில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்திருக்கும். புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக ஏற்றுங்கள், மேல் துளையில் வழியும்வரை.

வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வையுங்கள். இந்த மழையில் நிமிர்த்தி வைத்தால் ஒரே இரவில் தொட்டி. எஞ்சின் மாட்டும் பின்பலகையை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். டக் டக் என்று கேட்க வேண்டும். பொத் என்று கேட்டால் ஃபைபருக்குள்ளே பலகை இற்றுவிட்டது. எஞ்சினுக்கு எப்படியும் ஒரு சங்கிலி போட்டு வள்ளத்தோடு பூட்டுங்கள்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். உட்காருவதற்கு மெத்தையாகப் போட்டுக்கொள்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். தண்ணீர் குளிர். திடீரென்று விழுந்தால் மூச்சு இழுத்துக்கொள்ளும், நீச்சல் தெரிந்தவனும் தடுமாறுவான். கம்பூட்ஸோடு இருந்தால் திரும்ப ஏறவே முடியாது. எஞ்சின் நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டுங்கள். ஓட்டுகிறவன் விழுந்தால் வள்ளம் வட்டமடித்து அவன் மேலேயே திரும்பி வரும். துடுப்பு இரண்டு, தண்ணீர் இறைக்க ஒரு வெட்டின கேன், கயிறு, பனிக்கு விசில், டோர்ச். பெட்ரோல் கரையில் ஊற்றுங்கள், வள்ளத்துக்குள் வேண்டாம். அதன் ஆவி அடியில் தங்கும். அணைக்கட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள்.

மலை மறைவில் போன் சிக்னல் விழாது. அதனால் எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று வீட்டில் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. இன்றைக்கும் சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்கு மேலானால் மச்சான் தேடிக்கொண்டு வருவார்.