தாழி இருக்க வேண்டிய இடம் அகழ்ந்த குழியே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பழங்காலத்தில் இறந்தவரை இட்டுப் புதைத்த பெரிய மண்பானைதான் முதுமக்கள் தாழி. அது இருக்க வேண்டிய இடம் அருங்காட்சியகமா, அகழ்ந்த குழியா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் மூன்று காரணம் சொன்னார். குழியில் விட்டால் மழை அழிக்கும், திருடு போகும், நகரத்தில் வைத்தால் பலர் பார்ப்பார்கள் என்றார். மூன்றுக்கும் பதில் சொல்வேன். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். அவர் பேசியது முழுக்கப் பானையைப் பற்றி. தாழி பானை மட்டும் அல்ல, அது ஒரு அடக்கம். சரளைக்கல்லை வெட்டிய குழி, கவிந்த மூடி, சுற்றிலும் வைத்த கறுப்பு சிவப்புக் கலயங்கள், உள்ளே இறங்கிய மண் எல்லாம் சேர்ந்ததுதான் அது.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர், 114 ஏக்கர்ப் பறம்பு, பழைய இடுகாட்டு மேடு. 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் அங்கே தோண்டினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை மட்கலங்கள், இரும்பு ஆயுதங்கள், மண்டையோடுகள் எல்லாம் பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1899 முதல் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரியா தோண்டினார். அவர் கவனித்த ஒரு செய்தியைத்தான் இந்த அவையில் நான் முதன்மையாக வைக்கிறேன். வாள்களும் ஈட்டிகளும் முனை கீழ்நோக்கி நின்றன. உடன் வந்தவர்கள் மண்ணில் குத்தி நட்டது போல இருந்தன. அந்த வாள் பேழைக்குள் படுக்க வைக்கப்பட்டால் துருப்பிடித்த இரும்பு, அவ்வளவுதான். செங்குத்தாக நிற்கும்போது அது துக்கத்துக்கு வந்த ஒருவர் கை செய்த செயல். அந்தக் கையின் அசைவைத் தூக்கிக்கொண்டு போக எந்த வண்டியாலும் முடியாது.

ஊர்களில் ஒரு கதை உண்டு. வயதாகி உடல் சுருங்கி, மாடக்குழியில் வைக்கும் அளவு சிறுத்து, உயிர் மட்டும் போகாத கிழவர்களை விளக்கும் சோறும் வைத்துத் தாழியில் இறக்கினார்கள் என்பார்கள். இதை மறுப்பது எது? எலும்பு கிடக்கும் நிலை. சில தாழிகளில் உடல் முழுதாக, கால் மடக்கி இருக்கிறது. சிலவற்றில் மண்டையோடும் நீள எலும்புகளும் மட்டும், மூட்டு இணையாமல் கிடக்கின்றன. உடலை வேறிடத்தில் விட்டு, தசை போனபின் பொறுக்கி இட்டதன் அடையாளம் அது. குழந்தைகளின் எலும்பும் உண்டு. தாழியை அசைத்தால் முதலில் குலைவது இந்த அடுக்குதான்.

தூக்குவது எப்படி என்று பார்ப்போம். மண்ணுக்குள் தாழி பெரும்பாலும் ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கும். உள்ளே உள்ள மண்தான் அதைத் தாங்கி நிற்கிறது. மண்ணை வாரினால் சுவர் உள்ளே சரியும், வாராமல் தூக்கினால் பாரத்தில் அடி கழன்றுவிடும். அதனால் வெளியே துணிப்பட்டை சுற்றி, சாந்து பூசி, பலகை கொடுத்துத் தூக்குகிறார்கள். அதன்பிறகு வருவது உப்பு. ஈர ஓடு வேகமாகக் காய்ந்தால் உள்ளே கரைந்திருந்த உப்பு மேற்பரப்புக்கு வந்து பூக்கும், செம்பூச்சு செதில் செதிலாக உதிரும். நிழலில் மெல்லக் காய விட வேண்டும். எலும்பு இன்னும் மோசம். வெயில் பட்டால் நொறுங்கும். ஈரம் இருக்கும்போதே அசிட்டோனில் கரைத்த பசையைத் தடவினால் வெண்படலம் படியும்.

ஆய்வு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லை வைத்துத்தான் கி.மு. 1155 என்ற காலம் 2021இல் வெளியானது. அதற்குத் தேவைப்பட்டது கொஞ்சம் நெல். உள் மண்ணைச் சில செ.மீ. தடிமனில் அடுக்கடுக்காக எடுத்து, அடுக்குக்கு ஒரு பை என்று கட்டி, நீரில் சலித்தால் தானியம் மிதந்து வரும். கையுறையும் முகக்கவசமும் போட்டு ஒரு பல்லை எடுத்தால் மரபணு ஆய்வுக்கு முயலலாம், ஆனால் அதைக் கழுவக் கூடாது. இவை ஆய்வகம் போகட்டும், தாழி போக வேண்டியதில்லை.

நூல்களையும் கேளுங்கள். புறநானூறு 1894இலும் மணிமேகலை 1898இலும் உ.வே.சா. பதிப்பாக அச்சேறின. அடுத்த ஆண்டே ரியா தோண்டத் தொடங்குகிறார். “சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்” என்று ஐந்து முறைகளை மணிமேகலை அடுக்குகிறது. தாழியைக் கவிப்பது தனி முறையாகவே எண்ணப்பட்டிருக்கிறது. வெளிமான் என்ற தலைவன் இறந்தபின் பெருஞ்சித்திரனார் பாடிய 238ஆம் புறப்பாட்டில், கவித்த செந்தாழியின் குவிந்த புறத்தில் காது சிவந்த கழுகும் காக்கையும் கூகையும் அஞ்சாமல் கூடியிருக்கின்றன. புலவர் கண்ட தாழி பறவைகளோடும் காட்டோடும் சேர்ந்தது. 256இல் ஒரு பெண் குயவரிடம், தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையும்படி கேட்கிறாள். அவள் கேட்டது இருவர் சேர்ந்து கிடக்கும் இடத்தை.

இனி மூன்று காரணங்கள். திருட்டைப் பற்றி அவர் சொன்னது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலமும் பாதுகாப்பான காப்பகத்துக்குப் போகட்டும். அவை இருந்த இடத்தில், அதே கிடையில், நகலை வையுங்கள். பலர் பார்க்க வேண்டும் என்றார். ஆதிச்சநல்லூரில் 2023இல் திறந்த தள அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று மக்கள் குழியையே பார்க்கிறார்கள்.

மழைக்கு வழி உண்டு. கூரையின் இறவாரம் குழி விளிம்பைத் தாண்டி நீள வேண்டும். சுற்றிலும் குழியின் அடிமட்டத்தைவிட ஆழமாக வடிகால் வெட்ட வேண்டும், இல்லையென்றால் நீர் பக்கவாட்டில் ஊறி வரும். கண்ணாடியை நான்கு பக்கமும் அடைத்து ஒட்டுவதுதான் பெரிய தவறு. மண்ணின் ஈரம் அடிப்பக்கத்தில் வியர்த்துச் சொட்டும், வெளிச்சமும் சேர்ந்தால் பாசி பிடிக்கும். காற்றுப் போக இடைவெளி விட்டு, பூச்சி வராமல் வலை அடித்து, ஈரமானியை வாரந்தோறும் படித்துப் பதிவு செய்ய ஒரு ஆளை அந்த ஊரிலேயே வேலைக்கு அமர்த்த வேண்டும். நகரத்துக் காட்சிக்கூடத்துக்கு ஒதுக்கும் பணத்தை நடுவர் அவர்கள் முதலில் அந்த ஆளின் சம்பளத்துக்குத் திருப்பச் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.